9 கிலோவில் உடைந்த பாலம்

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், பள்ளி மாணவர்களுக்கான இரண்டு வாரப் பொறியியல் முகாமுக்கு விண்ணப்பித்தேன். ஏன் சேர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முதலில் எழுதியது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. அதை விட்டுவிட்டு, ஓடாத மேசை விசிறி ஒன்றைப் பிரித்துப் பார்த்ததையும், அதில் எனக்குப் புரியாமல் போனதையும் எழுதினேன். இடம் கிடைத்தது.

முதல் இரண்டு நாள் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் என்று துறைவாரியாக உரைகள். குறிப்பு எடுத்தேன், பெரும்பாலும் மறந்துவிட்டது. மூன்றாம் நாள் எல்.இ.டி. எரியவைத்தோம். 5 வோல்ட்டில் விளக்குக்குச் சுமார் 2 போக மீதி 3. இடையில் 220 ஓம் மின்தடை வைத்தால், 3-ஐ 220-ஆல் வகுக்க, ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் மின்னோட்டம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஓம் விதி அன்றுதான் கைக்கு வந்தது.

அப்புறம் பாலம். ஐஸ் குச்சியும் பசையும் மட்டும், இடைவெளி 60 சென்டிமீட்டர். சதுரச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது என்று தெரிந்து, பக்கவாட்டுச் சட்டங்கள் இரண்டையும் முக்கோணங்களாகவே கட்டினோம். பாரம் ஏற்றிப் பார்த்தபோது 9 கிலோவில் உடைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வழிகாட்டி எடையைக் குறித்துக்கொண்டு, "எது முதலில் போனது?" என்று மட்டும் கேட்டார். எடுத்திருந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மேல்விளிம்புக் குச்சிகள் நசுங்கவில்லை, பக்கவாட்டில் வளைந்து வெளியே போயிருந்தன. பாரம் ஏறும்போது கீழ்விளிம்பு இழுபடும், மேல்விளிம்பு அழுத்தப்படும். மெலிந்த குச்சியை அழுத்தினால் அது உடைவதற்கு முன்பே வளைந்துவிடும். தாங்கலில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு பாரம் வரை வளையாது என்று கணித அறிஞர் ஆய்லரின் சூத்திரத்தை வழிகாட்டி காட்டினார். மேல்விளிம்புகள் இரண்டையும் குறுக்குக் குச்சிகளால் இணைத்தோம். மறுநாள் 23 கிலோ வரை தாங்கிய பிறகுதான் உடைந்தது! அப்போதும் அவர் கேட்டது அதே கேள்விதான்.

முகாமுக்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்திருந்தார். எல்லோரும் எந்தக் கல்லூரி, என்ன சம்பளம் என்று கேட்டார்கள். நான், "நேற்று முழுக்க என்ன வேலை பார்த்தீர்கள் மேடம்?" என்று கேட்டேன். காலையில் இன்னொருவர் போட்ட கணக்கைச் சரிபார்த்தாராம். மதியம் வரைபடத்தில் ஒரு தூணை நகர்த்தச் சொல்லி வந்த கோரிக்கையை ஏன் ஏற்க முடியாது என்று விளக்கினாராம். உரைகளில் கிடைக்காதது இந்தப் பதிலில் கிடைத்தது. முகாமுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.