வந்தாச்சா?

ஜூலை 6, ஞாயிறு

முதல் வாசிப்பு. சமூக மன்றத்தில் இரண்டாம் மாடி அறை, பதினொரு பேர், ஒரு பெட்டி கறிபாப். நாற்பது நிமிடம் தாமதம். அதில் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

நாடகம் ஒரே நாளில் நடக்கிறது. வீவக அடுக்குமாடி வீடு ஒன்றில் அப்பா இறந்துவிட்டார். மண்டாய் தகனச் சாலையில் மாலை நாலே காலுக்கு நேரம் வாங்கியாயிற்று. கொள்ளிக்குடம் யார் தூக்குவது என்று காலை பத்து மணிக்குச் சண்டை ஆரம்பிக்கிறது. மூத்த மகள் எட்டு வருடம் அப்பாவுக்கு டயாப்பர் மாற்றியவள். இரண்டாமவள் ஆஸ்பத்திரி பில் கட்டியவள். மூன்றாவது பிள்ளை மெல்பர்னிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்குகிறாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டைவிட்டுப் போனபோது அவள் மகன்.

அங்கேதான் அத்தைக்குப் பொறி தட்டுகிறது. சிங்கப்பூரில் 1973-லிருந்தே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ் மட்டும் பிறந்தபடியே இருக்கும். "ஐசியில பொண்ணு, பெர்த் சர்டிபிகேட்டுல பையன். பண்டாரம் எதைக் கேப்பாரு?" என்று, சடங்கு செய்துவைக்கும் பண்டாரத்தை நினைத்து அத்தை யோசிக்கும் இடத்தில் நான் கறிபாப்பை மூக்கில் ஏற்றிக்கொண்டேன்.

அத்தை வேடம் மாமாவுக்கு. எல்லோருக்கும் அவர் மாமாதான். வயது 76. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் 1966-ல், பதினேழு வயதில், ஸ்திரீபார்ட் போட்டு மேடையேறியவர். அப்போது வீட்டுப் பெண்களை நடிக்க அனுப்ப மாட்டார்களாம். அதனால் மீசை முளைக்காத பையன்களுக்கெல்லாம் கிராக்கி. அவருக்கு மூன்று மகன்கள். "எனக்குத் தூக்க மூணு பேரு ரெடி. ஒருத்தனும் டிக்கெட்தான் வாங்க மாட்றான்" என்றார்.

மேடை நிர்வாகி நான். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஒப்பாரி ஒத்திகை. மகள்களாக நடிக்கும் இரண்டு பெண்களுக்கும் முப்பது வயதுக்குள். இருவருமே சாவு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். தரையில் உட்காரச் சொன்னால் யோகா வகுப்பு மாதிரி சம்மணம் போடுகிறார்கள். மாமா எழுந்து வேட்டிமேலேயே ஒரு பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு காட்டினார். ஒரு முழங்காலை மடக்கி, மறு முழங்காலை நிறுத்தி, பக்கத்திலிருப்பவள் கழுத்தில் கை போட்டு, மார்பில் அடிக்கும்போது விரல்களைச் சேர்த்துக் குழித்துக்கொள்ள வேண்டுமாம். சத்தம் வரும், வலிக்காது. "அழுகை அப்புறம் தானா வரும். முதல்ல முழங்கால் சரியா இருக்கணும்."

அவர் எடுத்த ஒப்பாரி கொஞ்சம் சரியாகவே எடுபட்டுவிட்டது. கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார் ஒரு சீன ஆன்ட்டி, பக்கத்து அறை சமையல் வகுப்புக்கு வந்தவர். கையில் பெக் கிம் உறை, சாவு வீட்டில் சீனர்கள் கொடுக்கும் பணம். யார் இறந்தது என்று மெல்லக் கேட்டார். இயக்குநர் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினான். ஆன்ட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எப்போது நாடகம், டிக்கெட் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் முதல் டிக்கெட் விற்பனை அதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்றாவது பிள்ளையாக நடிக்க ஒரு திருநங்கைதான் வேண்டும் என்று தம்பி நான்கு மாதம் தேடினான். இங்கே தமிழ்க் கூட்டத்துக்கு முன்னால் மேடையேறுவது என்றால், கூட்டத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்று அர்த்தம். தயங்கத்தானே செய்வார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வசனத்தைத் திருத்தியது.

தம்பி எழுதியதில் வீட்டார் அவளைப் பார்த்ததும் கத்துகிறார்கள், 'அவன் இவன்' என்று ஏசுகிறார்கள். "இப்படி யாரும் பேச மாட்டாங்க" என்றார் இவர். "திட்டுனா பரவால்லையே. நான் வீட்டுக்குப் போனா சாப்பாடு போடுவாங்க, ஃபேன் போடுவாங்க. பேரு மட்டும் சொல்ல மாட்டாங்க. அவன்னும் வராது, அவள்னும் வராது. 'வந்தாச்சா?' 'வந்தாச்சு.' 'ஊருக்குக் கிளம்பியாச்சா?' 'கிளம்பியாச்சு.' ஆளே இல்லாம வினைச்சொல்லு மட்டும் நடந்து போகும்."

அறையில் யாரும் பேசவில்லை. தம்பி அரை மணி நேரத்தில் அந்தக் காட்சியை மாற்றி எழுதினான். ஏச்சு முழுக்கப் போயிற்று. இப்போது அத்தை ஒரு பக்கம் முழுவதும் ஆன், ஆள் விகுதியைத் தாண்டித் தாண்டிப் பேசுகிறாள், தண்ணீர் தேங்கிய பாதையில் சேலையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் திணையும் பாலும் படித்து மதிப்பெண் வாங்கியதற்கு இன்றைக்குத்தான் பலன் தெரிந்தது.

ஆகஸ்ட் 9, சனி

நாட்டுக்கு 60 வயது. மேலே போர் விமானங்கள். நான் சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துப் பானைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பொங்கல் சமயமென்றால் கேம்பல் லேனில் பானை மலையாகக் குவிந்திருக்கும். ஆகஸ்டில் சிராங்கூன் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி ஏழு வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்க, உண்மையைச் சொன்னேன். காசை கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

நிஜத்தில் பண்டாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தி முனையால் பின்னாலிருந்து ஒரு ஓட்டை போடுவார். மேடையில் அந்த விளையாட்டு வேண்டாம். பானையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சின்ன டிரில்லால் மெதுவாக, அழுத்தாமல் துளைத்தால் விரியாது. முதல் இரண்டு பானை பலியான பிறகு கற்றது இது. ஓட்டையைப் பிளாஸ்டிசின் வைத்து அடைத்துவிட்டால் கத்தி பட்டதும் பிதுங்கி வந்துவிடும்.

47 வயதில் முதல்முறையாக இந்தப் பானையைக் கையில் எடுக்கிறேன். அப்பா போனபோது, 2009-ல், ஜொகூரிலிருந்து பெரியப்பா மகனை வரவழைத்தார்கள். நல்லவன்தான். அப்பா எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று சடங்குக்கு நடுவே என்னிடம்தான் கேட்டான். அவன் தோளில் பானை ஏறியபோது நான் தண்ணீர் செம்பு எடுத்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பியதும் பெண்கள் எல்லோரும் மின்தூக்கி ஏறிப் போய் வீட்டைக் கழுவிவிட்டோம். இப்போது மகள்களும் மண்டாய்க்குப் போகிறார்கள். சில குடும்பங்களில் மகளே தூக்குகிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உரிமம் வந்துவிட்டது, 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற அறிவுரையோடு. தம்பி கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான் போல. மாமா பழைய கதையை எடுத்தார். நாடகாசிரியர் இளங்கோவனின் 'தலாக்' 1998-ல் தமிழில் மேடையேறியது. அதையே 2000-ல் மலாயிலும் ஆங்கிலத்திலும் போடப்போனபோது உரிமம் மறுக்கப்பட்டது. "தமிழ்ல நாம என்ன வேணா பேசலாம்பா, நம்ம ஆளுங்க காதுல மட்டும் விழாம இருந்தா" என்றார்.

ஆங்கில வரிகள் திரையில் போவதற்கான வேலை தனித் தலைவலி. 'உன் வாயில கொள்ளிய வைக்க' என்பதை மொழிபெயர்த்த நண்பர் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை போட்டிருந்தார். படித்தால் அத்தை சர்க்கஸுக்கு ஆள் எடுப்பது மாதிரி இருந்தது. 'வந்தாச்சா?' வந்தபோது நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "ஹீயா, ஷீயா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் அந்த வரிகளுக்குத் திரையைக் காலியாக விட்டுவிடலாம் என்று தம்பி சொன்னான்.

இடைவேளையில் ஒன்று நடந்தது. வாசலில் நின்று வருகையைக் குறித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து, "மெல்பர்ன் வந்தாச்சா?" என்றார். அவர் பின்னாலேயே நின்றிருந்தார் மூன்றாவது பிள்ளையாக நடிப்பவர். "மாமா, இது மேடை இல்ல." மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் எல்லாரையும் அப்படித்தான்மா கேப்பேன்" என்றார். பொய்யும் இல்லை, தமிழில் பாதிப் பேர் அப்படித்தானே கேட்கிறோம். இவர் சிரித்துவிட்டார், முழுச் சிரிப்பு இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, என் கால் ஷீட்டிலும் நான் 'மெல்பர்ன்' என்றே எழுதி வந்திருக்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அங்கே இப்போது மாற்றிவிட்டேன். இங்கே எழுதாதது அவர் கேட்டுக்கொண்டதால்.

செப்டம்பர் 10, புதன்

வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கம். டெக் ரன், அதாவது விளக்கு, ஒலியோடு ஒத்திகை. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான், விளக்கு வயர்கள் ஓடுகின்றன. பானை விழும் இடத்தில் பழைய கோணிச்சாக்கும் அதற்கடியில் ரப்பர் விரிப்பும் போட்டுப் பார்த்தோம். சாக்கில் விழுந்தால் பானை உடைய மாட்டேன் என்கிறது. சாக்குக்கு நடுவில் ஒரு பலகையை வைத்த பிறகு உடைந்தது. மணி இரவு பதினொன்றரை.

பானையை யார் உடைக்கிறார்கள் என்று இதுவரை நான் எழுதவில்லை. மூன்று பிள்ளைகளும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள், மணி மூன்றரை ஆகிறது, சவ வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மண்டாய் நேரம் போய்விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ என்ற பதற்றத்தில் அத்தையே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானையைத் தூக்கித் தோளில் வைக்கிறாள். காலையிலிருந்து பொம்பளை தொடக் கூடாது என்றவள்.

"அப்பவும் பாத்தியா, தூக்குறது ஆம்பளைதான்" என்றார் மாமா, சேலையை மடித்துக்கொண்டே. தம்பிக்கு இது இரண்டு மாதமாகத் தோன்றவில்லை. கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த எல்லோரும் நின்றுவிட்டோம். இரண்டு நாளில் மேடையேற்றம். இப்போது என்ன செய்வது? மாமா ரவிக்கை ஊக்கைக் கழற்றிவிட்டு "தே ஓ யாருக்கு வேணும்?" என்று கேட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் காட்சி. கிருஷ்ணன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போனேன். பக்கத்து குவான் யின் கோயிலுக்கு வந்தவர்களும் அங்கே ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றிரண்டு பேர் வந்தார்கள்.

சிரிப்பு இரண்டு அலையாக வருகிறது. திரையைப் படிப்பவர்கள் வசனம் முடியுமுன் சிரித்துவிடுகிறார்கள். காதால் கேட்பவர்கள் அப்புறம். 'வந்தாச்சா?'வில் திரை காலியானபோது படிப்பவர்கள் ஏதோ கோளாறு என்று திரும்பி என் பக்கம் பார்த்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு மெல்ல நின்றுவிட்டது. எந்த ஒத்திகையிலும் அந்த அமைதி எங்களுக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது ஓட்டை அடைப்பு வரவில்லை. பிளாஸ்டிசின் ஏசியில் இறுகிவிட்டது. பண்டாரமாக நடித்தவர் கத்தியால் நோண்டிக்கொண்டே இருக்க, மாமா தோளில் பானையோடு, "சீக்கிரம் லா, டிரைவர் மீட்டர் போட்டுட்டான்" என்று ஒரு வரியைச் சேர்த்தார். அரங்கம் இடிந்தது. நாளைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 13, சனி

இன்று அம்மாவை அழைத்துப் போனேன். 81 வயது. பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று வாசலோர இருக்கை கொடுத்திருந்தேன். போகவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து கியூ கொடுத்துக்கொண்டே அவள் தலையின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பானை தோளில் ஏறியபோது முன்னால் சாய்ந்தாள். மூன்று ஓட்டையும் சரியாகத் திறந்தது. உடைந்தது. மாமா திரும்பிப் பார்க்காமல் போனார். மகன் ஒருவர் வந்திருந்தார், பின் வரிசையில் தனியாக.

திரும்பும்போது டாக்சியில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிடோக் வந்தபிறகு, "தண்ணி ரொம்ப ஊத்திட்டீங்க. உங்கப்பாவுக்கு அரைப்பானைதான்" என்றாள். சரி என்றேன்.

"அந்த அத்தைக்காரி நல்லா தூக்குனா. இடது தோள்ல, சாயாம. வயசானவ, எவ்ளோ கனம்." கொஞ்சம் விட்டு, "பொம்பளை தூக்குனா என்னவோ ஆயிடும்னாங்க" என்றாள்.

நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

"அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"மூணு" என்றேன்.