மைனஸ் 9 வருஷம்

கொரோனால எவ்ளோ ஆயுசு போச்சுன்னு நாமளே கணக்குப் போட்டுப் பாப்போமேன்னு ஒரு நாள் ராத்திரி எக்செல்ல தொறந்து உக்காந்தேன். சராசரி ஆயுள் 71னு வச்சுக்கிட்டேன். செத்தவருக்கு 34 வயசு, கழிச்சா 37 வருஷம் போச்சு, சரி. அடுத்த வரில 80 வயசுப் பாட்டி. மைனஸ் 9னு வந்து நிக்குது! பாட்டி செத்ததுல உலகத்துக்கு 9 வருஷம் லாபமாம்.

தப்பு எங்கன்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. 71ங்கறது இன்னைக்குப் பொறக்குற குழந்தைக்கான சராசரி, அதுக்குள்ள ஒரு வயசு கூட ஆகாம போன குழந்தைங்க, இருபதுல பைக்ல அடிபட்டு போனவங்க எல்லாரும் இருக்காங்க. பாட்டி அதையெல்லாம் தாண்டி வந்தாச்சு, அவங்ககிட்ட போய் 71ஐ காட்டி என்ன பிரயோஜனம்? 80ஐ தொட்டவங்க சராசரியா இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னுதான் கேக்கணும். ஆயுள் அட்டவணைல ஒவ்வொரு வயசுக்கும் அது தனியா இருக்கு, ஆயுசு கெட்டியான நாடுகள்ல 80க்கு நேரா எட்டு ஒன்பது வருஷம்னு போட்டிருக்கும்.

"அவங்களுக்குத்தான் சுகர், பிபி எல்லாம் இருந்துச்சே, எப்படியும் போயிருப்பாங்க"ன்னு அப்ப எத்தனை பேர் சொன்னாங்க! 2020லயே கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இதையும் போட்டுப் பாத்தாங்க. வயசை மட்டும் பாத்தா ஒரு சாவுக்கு ஆம்பளைக்கு 14 வருஷம், பொம்பளைக்கு 12 வருஷம் இழப்பு. இருந்த வியாதியெல்லாம் சேத்தா 13, 11. ஒரே ஒரு வருஷம்தான் கொறஞ்சுது!

2020, 2021 ரெண்டு வருஷத்துல வழக்கத்தை விட கூடுதலா 1.49 கோடி சாவு, 33.68 கோடி வருஷ ஆயுசு போச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பு போட்டுது. வகுத்தா தலைக்கு 22 வருஷத்துக்கு மேல.

1918 ஃப்ளூ இன்னும் மோசம், அது இருபது முப்பது வயசுக்காரங்களை அள்ளிட்டு போச்சு, அதனால அமெரிக்காவோட சராசரி ஆயுள் ஒரே வருஷத்துல 51லேர்ந்து 39க்கு விழுந்துச்சு. (இதைப் பாத்துட்டு ஆளாளுக்கு 12 வருஷம் கொறஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, அடுத்த வருஷமே பழையபடி ஏறிடுச்சு. போனவங்களுக்குத்தான் நாப்பது அம்பது வருஷமா போச்சு.)

பாட்டி வரில இப்ப பிளஸ் 9. மைனஸ் குறி மட்டும்தான் போயிருக்கு, நம்பர் அதேதான்.