விறகை விடுங்கோ, கொப்பியைப் பாருங்கோ

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்த சேருக்கு, மத்தியகால மதவிசாரணை, அதாவது திருச்சபையின் போதனையை விட்டு விலகியவர்களைத் திருச்சபையே விசாரித்த முறை, என்றதும் "எரித்தார்கள்" என்று எழுதும் விடை பிடிக்காது. "விறகை விடுங்கோ, கொப்பியைப் பாருங்கோ" என்பார். கொப்பி என்றது விசாரணைப் பதிவேட்டை. இந்த மலருக்குக் கட்டுரை எழுதக் கேட்டதும் அந்தப் பாடம்தான் முன்னுக்கு வந்தது.

தென் பிரான்சின் லாங்டொக்கில், திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கிய கதார் என்ற பிரிவினருக்கு எதிராக 1209இல் தொடங்கிய சிலுவைப்போர் 20 வருடம் நீடித்தும் அவர்கள் ஒழியவில்லை. வாளால் முடியாததை டொமினிக்கன் துறவிகள் மைக்கூட்டோடு தொடங்கினார்கள். 1245–46இல் தூலூஸில் இரண்டு துறவிகள் 5,000க்கு மேற்பட்டோரை விசாரித்தனர். கேள்விகள் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே: கதார்களைக் கண்டாயா? எங்கே, எப்போது? கூட யார் நின்றார்கள்? முழந்தாளிட்டு வணங்கினாயா? அவர்கள் ஆசீர்வதித்த அப்பத்தைத் தின்றாயா? சனம் தங்கள் பேச்சுமொழியான ஒக்சித்தானில் சொல்ல, எழுத்தர் லத்தீனில் பதிந்தார். பொறி "கூட யார்" என்ற கேள்வியில்தான். ஒருவர் வாய் திறந்தால் பத்துப் பெயர் ஏறும். பிறகு அந்தப் பத்துப் பேரின் வாக்குமூலத்தோடு இவருடையதை ஒப்பிடுவார்கள். மறைத்தவர் அங்கே மாட்டுவார்.

சாட்சி யாரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்வதில்லை. தன் பரம எதிரிகளின் பெயரை அவர் முன்கூட்டியே கொடுக்கலாம். சாட்சி அதில் இருந்தால் அந்தச் சாட்சியம் எடுபடாது. ஞாபகத்துக்கு வராத எதிரி என்றால், கதை முடிந்தது. சத்தியம் செய்வதே பாவம் என்று நம்பிய வால்டென்சியர் என்ற இன்னொரு பிரிவினர் அந்த இடத்துக்குக்கூட வரமாட்டார்கள், முதற்படியான சத்தியத்திலேயே பிடிபடுவார்கள். தென் பிரான்சின் பாமியே நகரில் ஆயர் ஜாக் ஃபூர்னியே முன் சத்தியம் செய்ய மறுத்த அக்னெஸ் என்ற பெண் 1320இல் எரிக்கப்பட்டாள். அந்த ஆயர் பிறகு பாப்பரசரானார்.

ஆனால் எரிபட்டோர் சிறுபான்மை. தூலூஸில் பெர்னார் கீ என்ற விசாரணைத் துறவி தீர்ப்பிட்ட 600க்கு மேற்பட்டோரில் தீக்குப் போனவர்கள் 40 பேர் அளவில். மற்றவர்களில் பலருக்குச் சிறை, பலருக்கு உடுப்பில் தைத்துப் போடும் மஞ்சள் துணிச் சிலுவை. அதற்கு அளவும் இருந்தது: நெடுக்கு இரண்டரைச் சாண், குறுக்கு இரண்டு சாண், அகலம் மூன்று விரல், நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. கிழிந்தால் போட்டவரே புதிதாகத் தைக்கவேண்டும். சிலுவை போட்டவர்களைப் பகிடி பண்ணக்கூடாது, கொடுக்கல் வாங்கலில் ஒதுக்கக்கூடாது என்று திருச்சபையே கட்டளையிட வேண்டிவந்தது. ஊர் எப்படி நடத்தியிருக்கும் என்று இதிலேயே தெரியும்.

1242 மே மாதம் தூலூஸுக்கு அருகே அவிஞ்ஞோனே என்ற ஊரில் விசாரணைத் துறவிகளை வெட்டிக் கொன்றவர்கள் பதிவேடுகளையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த 1245–46 தூலூஸ் விசாரணையின் பிரதியொன்று மட்டும் காலத்துக்குத் தப்பி, அந்நகர நூலகத்தில் 609ஆம் இலக்கச் சுவடியாக இருக்கிறது.