கப்பல் வராத ஞாயிறு

பேக்கரி விறகடுப்பிலிருந்து இன்று காலை எடுத்துவந்த மண்சட்டியைத் திறந்ததும், இரவெல்லாம் வெந்த கொண்டைக்கடலையின் ஆவி சன்னல் கண்ணாடியில் படிந்து வெளியே கடல் தெரியாமல் செய்துவிட்டது.

கிரேக்க நாட்டின் சிஃப்னோஸ் தீவில் ஞாயிறு உணவு இதுதான். கடலை, வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து மூடி, சனி மாலையே பேக்கரியில் கொடுத்துவிட வேண்டும்.

காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவுகோலில் 8-ஐ எட்டியதால், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரண்டு நாள்களாகக் கப்பல் இல்லை. கடையில் தக்காளி தீர்ந்துவிட்டது. ஆனால் ஆகஸ்ட் சுற்றுலாக் கூட்டத்தில் கேட்கவே கேட்காத ஆட்டுமணி ஓசை இப்போது மலைச்சரிவிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. எனக்கு இந்தக் குளிர்காலத் தீவுதான் பிடித்திருக்கிறது.

ஜனவரி நடுவில் காற்றடங்கி வெயில் தெளியும் சில நாள்களை, மீன்கொத்தி அடைகாப்பதற்காகக் கடல் அமைதி காக்கும் நாள்கள் என்று கிரேக்கர்கள் பழங்காலம் முதல் சொல்லிவருகிறார்கள்.

அவற்றுக்காகக் காத்திருந்தபடி, சட்டியின் அடியில் பிடித்ததைச் சுரண்டி, எலுமிச்சை பிழிந்து உண்கிறோம்.