மெல்போர்ன் தோட்டத்தில் பழுப்பு போரோனியா

பூவின் அழகை மட்டும் பார்த்து யாரும் இந்தச் செடியை வாங்க மாட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள நான்கிதழ்க் கிண்ணம் தலைகுனிந்து தொங்கும். வெளிப்புறம் சருகின் பழுப்பு. விரலால் நிமிர்த்தினால்தான் உள்ளே இருக்கும் மஞ்சள் தெரியும். ஆனால் ஆகஸ்ட் குளிரில் நர்சரிக்குள் நுழைந்ததும் அதன் மணம் என்னை நிறுத்திவிட்டது. எலுமிச்சையும் ஏதோ ஒரு பழமும் கலந்த, நெஞ்சை நிறைக்கும் மணம். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் இதன் குடும்பம்தான். இலையைக் கசக்கினால் உறவு புரிந்துவிடும்.

"அது சீக்கிரம் செத்துப்போகும்" என்றுதான் இங்கே பலரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. இதன் தாயகம் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. அங்கே குளிர்காலத்தில் ஈரம் ஊறும் சதுப்பு ஓரங்களில், மணலும் மக்கும் கலந்த அமில மண்ணில் வளர்கிறது. வேருக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வெயில் வேண்டும், ஆனால் வேர் சூடாகக் கூடாது. தேங்கினால் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரியால் வேரழுகல் நோய் பிடிக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த செடி சட்டென்று வாடிவிடும்.

எங்கள் தோட்டமோ களிமண். குழி தோண்டினால் மழைநீர் அதிலேயே நிற்கும். அதனால் குழியே வேண்டாம் என்று முடிவு செய்து, கரடுமுரடான மணலும் இலைமக்கும் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். இடம், வீட்டின் கிழக்குப் பக்கம். தென்கோளத்தில் கடும் வெயில் வடக்கிலிருந்து வரும். கிழக்கில் காலை வெயில் கிடைக்கும், பிற்பகலில் சுவரின் நிழல் விழும். சுவரை ஒட்டி மட்டும் நடவில்லை. சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் கெடுத்துவிடும்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே இறக்கினேன். மேலே சருகு மூடாக்கு, அதன்மேல் தட்டையான கற்கள். இரண்டும் தண்டைத் தொடாதபடி இடைவெளி விட்டேன். இந்தக் கற்களைத்தான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். ஜனவரியில் பாலைவனத்துச் சூட்டைச் சுமந்து வடக்குக் காற்று அடிக்கும் நாளில், பாத்தியின் ஓரம் சுடும். கல்லைத் தூக்கி விரலை நுழைத்தால் அடியில் மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். விரலில் ஈரம் ஒட்டவில்லை என்றால் மட்டும் தண்ணீர் ஊற்றுவேன். உரம் மிகக் கொஞ்சம், அதுவும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த, உள்நாட்டுச் செடிகளுக்கென்றே விற்பது.

பூ முடிந்ததும் கவாத்து. மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். இலையில்லாத பழைய கட்டைவரை போகக் கூடாது. பூத்திருக்கும்போதே கிளைகளை வெட்டி வீட்டுக்குள் வைத்தால் பாதிக் கவாத்து முடிந்துவிடும். ஒரே கிளை கூடம் முழுக்க மணக்கும். சிலருக்கு மட்டும் அந்த மணம் எட்டவே எட்டாது. இதிலுள்ள பீட்டா-அயோனோன் என்ற பொருளை உணரும் திறன் மரபணுவைப் பொறுத்தது. என் கணவர் மணத்தில் கிறங்கி நிற்பார். அவருடைய தங்கை அதே கிளையை முகர்ந்துவிட்டு, "என்ன அண்ணி, ஒன்றும் தெரியவில்லையே" என்பார்.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் தோட்டத்தில் இதற்குப் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான் ஆயுள். ஆகவே செடி நன்றாக இருக்கும்போதே வாரிசை உருவாக்க வேண்டும். கோடை முடிவில், முற்றத் தொடங்கிய நுனிக் கிளைகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை உருவி, வேர் ஊக்கியில் தோய்த்து, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் செருகுகிறேன். மேலே கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் போதும். வேர் மெதுவாகத்தான் வரும், எல்லாமும் பிழைக்காது. பிழைத்தவற்றில் இரண்டை அடுத்த மேட்டுப்பாத்திக்கு மாற்றியிருக்கிறேன். தாய்ச்செடியில் இந்த ஆண்டும் மொட்டு பிடித்திருக்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் லூட்டியா ரகத்துக்கும் பக்கத்தில் இடம் ஒதுக்கியாயிற்று.