கரும்பலகையில் என் கையெழுத்து

வரலாறு சார் இறந்துவிட்டார். செய்தி சொன்ன நண்பன் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. இங்கே டொராண்டோவில் அப்போது இரவு பதினொன்றரை மணி, வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தொலைபேசியை வைத்த பிறகும் சமையலறையில் அப்படியே வெகுநேரம் நின்றேன். மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று மாதமாக நினைவூட்டிக்கொண்டிருந்தார். பெரிய மணி, வேப்பமரத்தடி வகுப்பு, மதிய இடைவேளையில் அகழிக் கரை என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதித் தருவதாக இருந்தேன். இப்போது அதை எழுத மனம் வரவில்லை.

சென்ற ஆண்டுக் கூடுகைக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். பாயசம் பரிமாறும் நேரத்தில், இந்தியப் படை இலங்கைக்குப் போனதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் மற்றவரைத் தேசத்துரோகி என்றார். அவர் திரும்ப இவரை இனத்துரோகி என்றார். இருவரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், நம் பள்ளியின் ஒரே மைதானத்தில் விளையாடியவர்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னால் அதன் பிறகு ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அந்த இரண்டு சொற்களில் ஒன்றை நான் என் கையால் எழுதியவன்.

1987-இல் நான் பதினொன்றாம் வகுப்பு, மூன்றாம் குரூப். காலையில் வகுப்பு தொடங்குமுன் கரும்பலகையின் இடது மேல் மூலையில் குறள் எழுதும் பொறுப்பு என்னுடையது. என் கையெழுத்து பள்ளி முழுக்கத் தெரியும். இரட்டைக் கொம்பை வரிக்கு மேலே தூக்கி, காலைக் கீழே நீள இழுத்து எழுதுவேன். ஆண்டு விழா அறிவிப்புப் பலகையைக்கூட என்னிடம்தான் எழுதச் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பக்கத்து இருக்கையில் பட்டாளம். கணியம்பாடிப் பக்கத்துப் பையன். அந்தப் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிற ஊர். அவன் தாத்தா, அப்பா, அண்ணன் மூவரும் பட்டாளத்துக்காரர்கள் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. அவன் கொண்டுவரும் கேழ்வரகு அடையில் பாதி எனக்கு, என் இட்லியில் பாதி அவனுக்கு.

1983 ஜூலைக் கலவரத்தின்போது நாங்கள் ஏழாம் வகுப்பு. கறுப்புத் துணி குத்திக்கொண்டு ஊர்வலம் போனோம்; உண்டியல் குலுக்கினோம். ஈழத்தமிழர் துயரம் அப்போது வேலூரில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பேசப்பட்டது. ஆகவே 1987 ஜூலை 29-ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அமைதிப்படை போனபோது, நம் பையன்கள் நம் மக்களைக் காக்கப் போகிறார்கள் என்றுதான் எண்ணினோம். பட்டாளத்தின் அண்ணன் போன படைப்பிரிவும் அதில் இருந்தது. அவன் அன்று வகுப்பில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். நானும் இரண்டு வாங்கினேன்.

செப்டம்பர் 26-ஆம் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அக்டோபர் 10-ஆம் தேதி அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. காக்கப் போன படை, யாரைக் காக்கப் போனதோ அவர்கள் ஊருக்குள்ளேயே ஷெல் அடித்தது. அக்டோபர் 21-ஆம் தேதி தீபாவளி. லாங் பஜாரில் நாம் வெடி வாங்கிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படையினர் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி ஊருக்குள் துண்டு துண்டாக வந்துசேர்ந்தபோது என் அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. கறுப்பு சிவப்புக் கரை வேட்டியைத் தவிர வேறு வேட்டி கட்டாதவர் அவர். கோபத்துக்கு எல்லாக் காரணமும் இருந்தது. இன்றும் அந்தப் போரை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

தோட்டப்பாளையம் டீக்கடை பெஞ்சுகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் தேசத்துரோகி, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தால் இனத்துரோகி. நாற்பது ஆண்டு நட்பு முறிந்த வீடுகளை எனக்குத் தெரியும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்கள் அந்த மழைக்காலத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. டீக்கடையில் கேட்டதை நாங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தோம்.

தீபாவளி விடுமுறை முடிந்த பிறகு ஒரு நாள், காலை வழிபாட்டில் வரலாறு சார் பேசினார். அங்கே இறந்த மக்களுக்காகவும், இறந்த நம் படையினருக்காகவும் சேர்த்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை, தாழவுமில்லை. மறுவாரம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சுவரில் கரியால் அவர் பெயரைப் போட்டுத் 'தேசத்துரோகி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்கடுத்த நாள், அதன் கீழேயே, வேறொரு கையெழுத்தில் 'இனத்துரோகி'. சார் தினமும் தம் பச்சை சைக்கிளை அந்தச் சுவரோரமாகத்தான் நிறுத்தினார்.

அந்த வாரத்தில்தான் நான் அதைச் செய்தேன். பட்டாளம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். யாழ்ப்பாணத்தில் அவன் அண்ணன் எத்தனை பேரைச் சுட்டானோ என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சாக்பீஸ் என் கையில் இருந்ததால். குறளுக்குக் கீழே, பெரிதாக, 'இனத்துரோகியின் தம்பி' என்று எழுதினேன். சிரிப்பொலி எழுந்தது. அவன் வாசலில் வந்து நின்று படித்தான். என்னைப் பார்க்கவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு சன்னலோரக் கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான்.

அடுத்த பாடவேளை வரலாறு. சார் உள்ளே வந்தார், பலகையைப் படித்தார். யார் எழுதியது என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மேலே குறள், கீழே அந்தச் சொல், இரண்டிலும் ஒரே இரட்டைக் கொம்பு. அதை அழிக்காமல் சுற்றியிருந்த இடத்தில் பாடக்குறிப்பை எழுதினார். 1806 ஜூலை 10. நம் கோட்டைக்குள் விடியுமுன் நடந்த சிப்பாய் எழுச்சி. புதிய தலைப்பாகை, அதில் வைத்த தோல் குஞ்சம், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை, எல்லாம் சொன்னார். பொழுது ஏறியதும் ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து எழுச்சியை அடக்கியதைச் சொல்லும்போது நிறுத்தினார். "அந்தக் குதிரைப்படையிலும் நம்மூர்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். சுட்டவர்களிலும் நம்மவர், சுடப்பட்டவர்களிலும் நம்மவர். கும்பினிக் காகிதத்தில் அவர்களுக்கு ஒரு பெயர், உங்கள் புத்தகத்தில் இன்னொரு பெயர்" என்றார். நாற்பத்தைந்து நிமிடமும் என் எழுத்து அங்கேயே இருந்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலையில் என்னை மட்டும் லாங் பஜார் மணிக்கூண்டுக்கு அழைத்துப் போனார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூக்கடைக்காரர்களின் கூடைகளுக்கு மேலே அந்தக் கல்வெட்டு. ஆயிரம் முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், படித்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்று இருந்தது. வேலூரைக் கிராமம் என்று சொல்லியிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

"அந்தப் பதினான்கு பேரில் ஒருவன் பெயரைச் சொல்."

"தெரியாது, சார்."

"எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பதினான்கு வீட்டில் ஒப்பாரி வைத்திருப்பார்கள், அப்பா. யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது." சற்று நேரம் கழித்து, "இந்தப் போர் தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை எங்கே வேண்டுமானாலும் சொல், நானும் உன்னோடு நின்று சொல்கிறேன். அந்தப் பையன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று உனக்குத் தெரியும். அவனைப் பற்றி எழுத உனக்குக் கிடைத்தது அந்தச் சொல்தானா?" என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல சாக்பீஸை என்னிடமே நீட்டி, "குறள் எழுது" என்றார். என்ன குறள் எழுதினேன் என்று நினைவில்லை. பட்டாளத்திடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று பள்ளி இறுதிவரை தள்ளிப் போட்டேன்.

அதற்குள் காலம் வெகுவேகமாக ஓடியது. நவம்பர் 25-ஆம் தேதி மேஜர் பரமேஸ்வரன் என்ற தமிழர் அங்கே வீரமரணம் அடைந்து, பின்னர் பரம்வீர் சக்கரம் பெற்றார். டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தார். குடியரசுத் தலைவர் ஆட்சி, 1989 தேர்தல், அப்பாவின் கட்சி பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது, நம் வடார்க்காடு மாவட்டமே இரண்டானது. அந்தப் போர் மட்டும் முடியாமல் நீண்டது.

1990 மார்ச் 24-ஆம் தேதி கடைசிப் படையினர் திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்து வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தம் தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்ற அந்த நிலைப்பாட்டை எங்கள் வீடு தலைநிமிர்ந்து ஏற்றுக்கொண்டது. இப்போதும் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துச் சார் ஒரு பையனிடம் சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார்: பட்டாளத்தின் அண்ணன் சனிக்கிழமை காலை காட்பாடியில் இறங்குகிறான், நீயும் வந்தால் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை காலை சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒன்றாம் நம்பர் வந்தது, ஏறவில்லை. அப்பாவின் நண்பர்கள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நம்பர் வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பஸ் பாலாற்றுப் பாலத்தை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

பிறகு வளைகுடா, அங்கிருந்து கனடா. போனது சம்பாதிக்கத்தான். ஆனாலும் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் எனக்குள் ஒரு விடுதலை இருந்தது. சாரையும் பட்டாளத்தையும் தெருவில் எதிர்கொள்ள வேண்டியதில்லை என்ற விடுதலை. அதை நினைத்தால் இப்போது நெஞ்சு வலிக்கிறது.

இங்கே என் பக்கத்து வீட்டு அக்கா கொக்குவில்காரர். அந்த அக்டோபரில் ஷெல் விழுந்து தகப்பனைப் பறிகொடுத்தவர். நான் வேலூர் என்று சொன்னதும், அம்மாவை சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் தங்கியிருந்ததை அன்போடு சொன்னார். பல ஆண்டு பழகிய பிறகு ஒருநாள், உங்கள் ஊரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்களே தம்பி, அவர்களை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டார். அந்தப் போரில் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள். அவர்கள் பெயர்களைப் பொறித்த நினைவிடம் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இருக்கிறது. அங்கே இறந்த தமிழ் மக்கள் பலருடைய பெயரைச் சொல்ல இப்படிப் பக்கத்து வீட்டு அக்காக்கள்தான் இருக்கிறார்கள். அவர் கேள்விக்கு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

சாரின் காரியத்துக்கு ஊருக்குப் போனேன். பட்டாளம் வாசலில் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. "வா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். 1990-இல் காட்பாடி நடைமேடையில் நடந்ததை அவன்தான் சொன்னான். வரவேற்க வந்தது சார் ஒருவர்தானாம். ஒரு சாமந்தி மாலை, ஒரு எலுமிச்சம்பழம். அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சல்யூட் அடித்தபோது சார் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "வீட்டுக்குப் போகலாம், அம்மா காத்திருக்கிறாள்" என்றாராம்.

மாலையில் என்னைக் கணியம்பாடிப் பக்கமிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அண்ணன் படையிலிருந்து ஓய்வுபெற்று, வங்கியில் காவலராக இருந்து, அதிலும் ஓய்வுபெற்றுவிட்டார். காபி கொடுத்தார். "சார் அடிக்கடி சொல்வார், அழகான கையெழுத்துக்காரன் ஒருவன் கனடாவில் இருக்கிறான் என்று. நீதானா, தம்பி?" என்றார்.

அவ்வளவு மட்டுமே அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். பட்டாளம் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினான்.

உள்ளேயிருந்து அவர் பேத்தி மூன்றாம் பருவத்துக்கு அட்டை போட்ட நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "இந்தத் தாத்தாவை எழுதித் தரச் சொல், நன்றாக எழுதுவார்" என்று அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டினார். குழந்தை பக்கத்தில் வந்து நின்று தன் பெயரைச் சொன்னாள். அவள் பெயரிலும் ஒரு 'ரோ' இருந்தது. ஒன்பது நோட்டுகள். ஒவ்வொன்றாக எழுதினேன்.