கியர் பெட்டிக்குள் டிகிரி காபி

ஒரு மாதமாக நம்ம மாருதி 800 இரண்டாவது கியருக்குப் போகும்போதெல்லாம் 'கரக்' என்றது. 1998 மாடல், நாலே கியர். வயசாயிற்று என்று விட்டுவிட்டேன்.

நேற்றுதான் பாபநாசத்தில் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். "ஐப்பசி மழையில தண்ணிக்குள்ள விட்டீங்களா தம்பி?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. விட்டேன். திருவையாறு போகும் வழியில், வயலும் ரோடும் ஒன்றாகக் கிடந்த அன்று.

கியர் பெட்டியின் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் கொட்டியது. ஓடிச் சூடான பெட்டி தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். மூச்சுத் துளை, தேய்ந்த சீல் என்று கிடைத்த வழியில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

பழையதை வடிக்கும் முன்பே, ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அது துருவேறி இறுகியிருந்தால் காலிப் பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்!

நான் பெருமையாக வாங்கிப்போன ஜிஎல்-5 ரக கியர் ஆயிலை அவர் தொடவே இல்லை. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சிங்க்ரோ ரிங்கின் (கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) பித்தளையை அரித்துவிடுமாம். அந்தச் சேர்க்கை குறைவான ஜிஎல்-4 தான் ஊற்றினார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையில் வழியும்வரை. அதுதான் அளவு.

'கரக்' குறைந்திருக்கிறது, போகவில்லை. ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்கிறார். மிச்சத் தண்ணீர் வர, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஆயிலை மாற்ற வேண்டுமாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.